ஒசலிக்கு நான் சொன்ன பொருள்

கல்லூரியில் படிக்கும்போது பொழுதுபோக்காக ஒரு மொழியை உருவாக்க ஆரம்பித்தேன். மென்பொருள் வேலைக்கு வந்த பிறகும் விடவில்லை. எழுத்து, எண்கள், பருவங்கள் என்று வரிசையாக முடித்து வீட்டுச் சொற்களுக்கு வந்தபோது, 'இல்லத்தரசி' போன்ற சொல்லே அதில் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பதிலுக்கு 'ஒசலி' என்று ஒன்று வைத்தேன். காஸ் தீரப்போகிறதா, எந்தக் காய் வாடுகிறது, யார் வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டும் என்று அன்றைக்கு வீட்டுக்காக யோசிக்கிற ஆள் ஒசலி. ஆணாக இருக்கலாம், பெண்ணாக இருக்கலாம். அந்த மொழி பேசுவதாக நான் கற்பனை செய்த மக்களிடம் அது மரியாதையான இடம். ஒசலி உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட உட்காருவார்கள்.

கல்யாணமாகி வண்டியூரில் குடியேறியபின் என் கணவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. ஒரு நாள் அவர் ஒசலி, மறுநாள் நான்.

தெப்பத் திருவிழாவுக்குக் கொட்டாம்பட்டியிலிருந்து அம்மாவும் சித்தியும் வந்தார்கள். அன்று அவர் முறை. காபி போட்டார், இட்லி ஊற்றினார், அம்மாவின் மாத்திரையைக்கூட மறக்காமல் எடுத்து வைத்தார். சித்திக்குப் பொறுக்கவில்லை.

“என்ன மாப்ள, எங்க பிள்ளை உங்கள அடுப்படியிலயே நிப்பாட்டிட்டாளா?”

“இன்னைக்கு நான்தான் ஒசலி, அத்தை,” என்றார். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

“அப்படின்னா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் உண்டாக்கிய சொல், நான்தான் விளக்க வேண்டும். இதையெல்லாம் நான் நிஜமாகவே நம்புகிறேன் என்று தெரிந்தால் அம்மா என்ன நினைப்பாளோ என்றிருந்தது. கேலியாக்கிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம்.

“எடுபிடின்னு அர்த்தம், சித்தி,” என்றேன்.

சித்தி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “அம்புட்டு படிச்சிட்டு, இதுக்குத்தான் வாக்கப்பட்டு வந்தீங்களா மாப்ள?” அம்மாவும் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு, அடுத்த ஈடு இட்லி எடுக்க உள்ளே போனார்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டேன். “விடு, சிரிக்கத்தானே சொன்ன,” என்றார். அவர் நாளில் எல்லாவற்றையும் இப்போதும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஆனால், “இன்னைக்கு என் டியூட்டி,” என்றுதான் சொல்கிறார்.

சித்தி போன் செய்யும்போதெல்லாம், “எங்க ஒசலி மாப்ள என்ன செய்றாரு?” என்று கேட்கிறாள். சரியான பொருளைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன். பக்கத்தில் அவர் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்.

“நல்லாயிருக்காரு சித்தி,” என்கிறேன்.