தீட்டோடு கூப்பிட்டேன்

நம் சபையார் எல்லோருக்கும், அதிலும் மாதத்தில் சில நாள் ஜெப வீட்டுக்கு வராமல் தோட்டத்து லய வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிற என் சகோதரிகளுக்கு, எஸ்தரின் ஸ்தோத்திரம்.

நான் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள். இரண்டும் ஆண். தொப்புள் காய்வதற்கு முன்பே இரண்டும் போய்விட்டன. பெயர்கூட வைக்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டம் ராகலைக்கு மேலே இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று எங்களுக்கு இனி ஓட்டு இல்லை என இலங்கை அரசாங்கம் சொல்லிச் சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. ஆண்கள் இஸ்தோப்பில், அதுதான் லயத்து வெளித் தாழ்வாரத்தில், கூடிக் கூடி அதையே பேசுவார்கள். எனக்கு அது காதில் ஏறவே இல்லை. மார்பில் பால் கட்டி வலிக்கும். குடிக்கப் பிள்ளை இருக்காது. அதற்கு மேல் எதை இழந்தால் என்ன என்று இருந்தேன்.

கல்யாணமான மறு வருஷமே நானும் என் வீட்டுக்காரரும் ஞானஸ்நானம் எடுத்தோம். மாமியாரும் எங்களோடு எடுத்தார். காளியம்மாவாக இருந்த நான் எஸ்தர் ஆனேன். சாமி படங்களைக் கழற்றினோம். தீட்டை மட்டும் கழற்றவில்லை. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் காம்பராவை விட்டு வெளியே வரக்கூடாது. லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் ஒற்றை அறையைத்தான் காம்பரா என்போம். வாசலில் வேப்பிலை, எனக்குத் தனித் தட்டு, பாய்க்கு அடியில் ஒரு தேய்ந்த கவ்வாத்துக் கத்தி. தேயிலை வெட்டுகிற கத்தியைக் கண்டால் காத்துக் கருப்பு ஓடிவிடுமாம். என் வீட்டுக்காரர் அதே கத்தியை வருஷக்கணக்கில் கையில் பிடித்து வெட்டியவர், அவரைக் கண்டு ஒரு கொசுகூட ஓடியதில்லை.

கிறிஸ்தவர்களான பிறகு இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்த நாற்பது நாளும் இயேசுவின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. எங்கள் ஜெப வீட்டை நடத்துகிற உபதேசியார் அப்படிப் போதித்தவர் அல்ல. பிள்ளை பெற்ற வீட்டுக்குள்ளே வெளி ஆண்பிள்ளைகள் வருவதில்லை என்பதால் அவருக்கு இது தெரியவும் தெரியாது. நாங்களாகத்தான் சேர்த்துக்கொண்டோம்.

ஞானஸ்நான வகுப்பில் ஒரு பாடம் உண்டு. இயேசு நம்மைப் போலவே முழு மனிதர், ஆனாலும் பாவமில்லாதவர். நான் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்து நல்ல பெயர் வாங்கினேன். ஆனால் பாவமில்லாதவர் என்றதும் எனக்குக் கண்ணில் வந்தது ஜெப வீட்டுச் சுவரில் இருந்த படம்தான். வெள்ளை அங்கி, காலில் ஒரு பொட்டு மண் கிடையாது. எங்கள் தோட்டத்து மழையில் கொஞ்சம் நடந்து பார்க்கட்டும் என்று நினைத்துச் சிரித்ததும் உண்டு. எனக்கு வாய் மட்டுமல்ல, மனசும் கொஞ்சம் துடுக்குத்தான். ஆனாலும் உள்ளே ஆழமாக நம்பியது இதைத்தான்: பாவமில்லாதவர் என்றால் தீட்டே படாதவர். அவரை இரத்தம் போகிற உடம்போடு எப்படிக் கூப்பிடுவது?

அதனால் மூத்தவன் பாலை விட்டு முகம் நீலமாகிக் கிடந்தபோது நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “இந்த ஒடம்போட சாமி பேரச் சொல்லாத, புள்ளைக்கு ஆகாது” என்றார் மாமியார். சொல்லவில்லை. பிள்ளை போனான். இரண்டாவதும் அப்படியே. புதைக்கக் கொண்டுபோனபோது நான் கூடப் போகவில்லை, தீட்டுக்காரி வாசல் தாண்டக்கூடாதே. எந்தத் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த மலையில் கொழுந்து பறிக்கப் போகும்போதெல்லாம் காலை எங்கே வைப்பது என்று உடம்பு கூசும்.

மூன்றாவது பெண். கார்த்திகை மழையில் பிறந்தாள். ஒரு வாரம் நன்றாகக் குடித்தாள். பிறகு தொப்புளைச் சுற்றிச் சிவந்தது, உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. என் வீட்டுக்காரர் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடி மருந்து வாங்கி வந்தார். குறையாவிட்டால் உடனே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்களாம்.

“தீட்டுக்காரிய எப்புடிடா ரோட்டுல எறக்குறது? பச்ச ஒடம்பு. அவளும் போயிருவா” என்றார் மாமியார்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். எனக்கு அழுகைகூட வரவில்லை. இந்தக் குழியையும் அவரேதான் வெட்டுவாரா, வேறு யாரையாவது கூப்பிடுவாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் விசுவாசம் அன்றைக்கு.

சாயங்காலம் உபதேசியார் எங்கள் இஸ்தோப்பில் ஜெபம் வைக்க வந்தார். கிறிஸ்துமஸ் நெருங்கியதால் பிறப்பின் கதையை வாசித்தார். வாசலில் மறைப்பாகத் தொங்கிய சாக்குக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். மரியாளுடைய சுத்திகரிப்பு நாட்கள் முடிந்த பிறகு பிள்ளையை எருசலேமுக்குக் கொண்டுபோனார்கள் என்றும், ஏழைகள் கொடுக்கிற இரண்டு பறவைகளைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள் என்றும் வாசித்துக்கொண்டே போனார். எத்தனை கிறிஸ்துமஸுக்குக் கேட்ட பகுதி. அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது.

நான் சாக்கை விலக்கிக் கேட்டேன். “ஐயா, அந்த அம்மாவுக்கும் தீட்டா?”

மாமியார் திடுக்கிட்டு, “உள்ள போடி” என்றார். உபதேசியார் என் முகத்தைப் பார்க்காமல், “ஆமாம்மா. அவங்க சட்டப்படி நாப்பது நாள்” என்றார்.

“அந்த நாப்பது நாளும் புள்ள எங்க இருந்துச்சு?”

“அம்மாகிட்டதான் இருந்திருக்கும்.”

“மடியிலயா? பால் குடிச்சிச்சா?”

“புள்ளைன்னா குடிக்காதா?”

“அப்ப அவரு மேலயும் தீட்டு இருந்துச்சா ஐயா?”

நல்லவேளை, அவருக்கு என் மேல் கோபம் வரவில்லை. வேதத்தில் அதே பகுதியை இன்னொரு முறை வாசித்தார். “நான் இத நெனச்சுப் பாத்ததே இல்லம்மா. தீட்டு இருந்திருக்கும். பாவந்தான் இல்ல” என்றார்.

நான் சாக்கை விட்டுவிட்டு உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்தேன். வெள்ளை அங்கி போட்டவரை அல்ல, பழந்துணியில் சுற்றிக் கிடந்த பச்சைப் பிள்ளையை அன்றைக்குத்தான் மனதில் பார்த்தேன். அந்தத் துணியிலும் அம்மாவின் இரத்தம் பட்டிருக்கும். அவரும் இப்படி ஒரு மடியில் கிடந்துதான் வளர்ந்தார். அதனால் அவருடைய பரிசுத்தம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அப்படியானால் என் இரத்தம் பாவம் அல்ல. இத்தனை வருஷமும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று அழுதேன், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து அழுதேன்.

பிறகு வாய் விட்டே கூப்பிட்டேன். “இயேசுவே, நீங்களும் துணியில சுத்திக் கெடந்தவருதானே. ஒங்க அம்மாவும் பயந்திருப்பாங்கதானே. எம்புள்ளையப் பாருங்க.” எனக்கு வேறு ஜெபம் தெரியாது.

பிள்ளைக்கு ஒன்றும் குறையவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். விடிந்தபோது காய்ச்சல் இன்னும் ஏறியிருந்தது, முனகல் மட்டும்தான் மிச்சம். ஆனால் எனக்குள் இருந்த பயம் போயிருந்தது. பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாமியார் கையை விரித்து மறித்தார்.

“புள்ளையே போயிட்டா இந்த நாப்பது நாள வச்சு நான் என்ன பண்ணப்போறேன் அத்தை? விடுங்க” என்றேன். அவர் கை தானாக இறங்கியது.

மழையில் ரோட்டுக்கு இறங்கினோம். கால் வழியாக இரத்தம் போனது, எதிரே வந்த பெண்கள் ஒதுங்கினார்கள். பஸ் வரக் காணோம். ராகலையிலிருந்து லீக்ஸும் கோவாவுமாகக் காய்கறி ஏற்றிப் போகிற முஸ்லிம் வியாபாரி ஒருவரின் லொறி வந்தது. என் வீட்டுக்காரர் கை காட்டி நிறுத்தினார். பாவம், அவருக்குப் பொய் வராது.

“நானா, புள்ளைக்கு முடியல. பெத்தவளுக்குத் தீட்டுங்க” என்றார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

“புள்ளைக்கு முடியலன்னு சொன்னா போதாதா? ஏறுங்க தங்கச்சி” என்று அந்த மனிதர் தன் பக்கத்து இருக்கையிலிருந்த சாக்கை எடுத்துப் பின்னால் போட்டார். அவருக்காகவும் நான் இன்றுவரை ஜெபிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சிங்கள டாக்டரம்மா தொப்புளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டார். இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, பார்ப்போம் என்றார். ஊசி மேல் ஊசி போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை செத்தது. அடுத்தது என்னுடையதுதான் என்று இருந்தேன். நம்பிக்கை இருந்தது என்று சொன்னால் பொய். கூப்பிட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு காலையில் பிள்ளை முகத்தைத் திருப்பி மார்பைத் தேடினாள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னார்.

நாங்கள் திரும்பி வந்தபோது நாற்பது முடியவில்லை. மாமியார் வாசலில் நின்றார். தண்ணீர் ஊற்றி ஒதுக்குவார் என்று நினைத்தேன். அவர் கை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். துணியை விலக்கித் தொப்புளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“எனக்கும் நாலு செத்துச்சு. அப்பவும் இயேசுசாமி உள்ளதான் இருந்தாரா?”

அவருக்கு நான்கு பிள்ளை செத்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். “இருந்தாரு அத்தை” என்றேன். ஏன் காப்பாற்றவில்லை என்று அவர் கேட்கவில்லை. இருவரும் உட்கார்ந்து அழுதோம்.

அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை உண்டாகவில்லை. ஓட்டும் வரவில்லை, கூரை இன்னும் ஒழுகுகிறது. என் மகள் மட்டும் இருக்கிறாள். கர்த்தருக்கு நன்றி. இப்போது எங்கள் லயத்தில் யார் பிள்ளை பெற்றாலும் நானும் மாமியாரும் அன்றைக்கே உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிறோம்.

சகோதரிகளே, குளித்துச் சுத்தமான பிறகு கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். பாயில் கிடக்கிறபோதே கூப்பிடுங்கள். அவர் அந்தப் பாயில் பிறந்தவர். நான் கூப்பிட்டிருந்தால் என் மகன்கள் பிழைத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அறையில் நான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் அப்படித் தனியாக உட்காராதீர்கள்.