அடக்கியே பழகிய உடம்பு

திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் அறைக்குப் போய்ச் சேரும் வரை மூத்திரத்தை அடக்கிக்கொண்டு போனவள் நான். எங்கள் கூட்டத்தில் அப்படி அடக்க வேறு ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்பு தாண்டாமலே மலாய் பேசிச் சம்பாதித்து, பாளையம்பட்டியில் வீடு கட்டினேன். அந்த வீட்டுக் கழிப்பறையில்தான் போன கோடையில் ஒரு சொட்டும் இறங்காமல் கதறினேன்.

திருநங்கைகள் வழக்கப்படி நான் தத்தெடுத்த மகள் மலர், ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கதீட்டர் (மூத்திரத்தை வெளியே எடுக்கும் குழாய்) போட்டார்கள். இளவயதில் செய்துகொண்ட நிர்வாணத்தின் (ஆணுறுப்பை நீக்குவது) தழும்பு இறுகி வழியை அடைத்திருந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?" என்றார் டாக்டரம்மா.

"நாக்கை நனைச்சுக்குவேன். குடிச்சா எங்க போறது?"

"ஒட்டகம்னு பெருமை பேசுவாக எங்கம்மா. ஒட்டகம் இப்ப குழாயோட கெடக்கு," என்றாள் மலர்.

கோலாலம்பூரில் வாடிக்கையாளருக்கு நான் பெண். பாஸ்போர்ட்டுக்கு ஆண். போலீசுக்கு விசா முடிந்த இந்தியாக்காரி. ஊருக்கு வந்தால் வெளிநாட்டுக்காரி. ஆண்கள் கழிப்பறையில் கையைப் பிடித்து இழுப்பார்கள்; பெண்கள் கழிப்பறையில் கூச்சல் போடுவார்கள். மதியத்துக்கு மேல் தண்ணீர் தொடாதே என்று சொல்லிக்கொடுத்தவள், என்னோடு தெருவில் நின்ற இந்தோனேசியக்காரி. அவளும் எங்களைப் போன்றவள்தான்.

"இனியும் அடக்கினா கிட்னி போயிரும்மா," என்றார் டாக்டரம்மா. மயக்கம் கொடுத்து வழியை அகலப்படுத்தினார்கள். என்னைப் போன்றவர்களுக்குச் சொல்கிறேன்: உங்களுக்கும் மூத்திரம் நூல் போல இறங்கினால், நிர்வாணம் ஆனதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வலி போய்விட்டது. தண்ணீர் குடிப்பதுதான் அலுப்பு. இந்தக் காய்ந்த பூமியில் செம்பு செம்பாகக் குடித்துவிட்டு, போகும் ஊரிலெல்லாம் கதவு தேட வேண்டும்.

போன வாரம் திருச்சுழி போக அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றேன். முட்டியது. பழைய நான் என்றால் அடக்கியிருப்பேன். பெண்கள் பக்கம் நுழைந்தேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், யாரும் விலகவில்லை. என் முறை வந்ததும் உள்ளே போய்த் தாழ் போட்டேன். உடனே வரவில்லை. கதவு தட்டப்பட்டது.

"யக்கா, வெரசா வாங்க. எனக்குப் பஸ்ஸு போயிரும்."

வெளியே போ என்று சொல்லத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். எங்கேயும் சட்டென்று முடித்துவிட்டு ஓடியே பழகியவள் நான்.

"இரு தாயி," என்றேன். "எனக்குக் கொஞ்சம் நேரமாகும்."