இடப்பக்கத்துப் பெட்டி

சவுரியப்பன் மறதிக்காரர் அல்ல. பாப்பாரப்பட்டிக் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எந்தக் கிணற்று மோட்டாருக்கு எந்தக் கனத்தில் கம்பி சுற்றினோம் என்பது வருடங்கள் போனாலும் அவருக்கு நினைவிருக்கும். கருகிய மோட்டாரை மாட்டுவண்டியிலிருந்து இறக்குகிறவர் வாயைத் திறக்கும் முன்பே, "போன கோடையில எரிஞ்சதுதான இது? கரெண்டு கம்மியா வர்றப்ப ஓட்டாதன்னு சொன்னனே" என்பார். அதனால்தான் அந்தச் செப்டம்பர் மாதக் காலையில் நடந்ததை மறதி என்று சொல்லி அவரால் தப்ப முடியவில்லை. மறதிக்காரனுக்கு ஊரில் ஒரு சலுகை உண்டு. எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறவன் ஒன்றை மட்டும் மறந்தால் அந்தச் சலுகை அவனுக்குக் கிடைக்காது.

எண்பத்தொன்றாம் வருடக் கோடையில் ஒரு கிணற்றடியில் அவருக்கு ஷாக் அடித்தது. மெயினை அணைத்துவிட்டதாகச் சொன்ன ஆள் அணைக்கவில்லை. தூக்கி எறியப்பட்டவர் தர்மபுரி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அவருடைய மனைவி பாக்கியமேரி கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்: "இவரை எழுப்பிக் குடு தாயே. ரெண்டு பேரும் ஒண்ணா வந்து உன் வாசல்ல முடி எறக்கறோம்."

அவர் எழுந்தார். நேர்ச்சை மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒரு வருடம் மகளை ஓசூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு வருடம் கடையை இடம் மாற்றினார்கள். உயிர் பிழைத்தவனுக்கு நன்றி சொல்ல அவசரம் இருப்பதில்லை. பிழைத்ததே தன் உடம்பின் சாமர்த்தியம் என்று சீக்கிரத்திலேயே நினைக்கத் தொடங்கிவிடுகிறான்.

பிறகு புல்லட் வந்தது. மாரண்டஹள்ளியில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தம்முடைய பழைய வண்டியை விற்றார். சவுரியப்பன் அதை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்த அன்றே வாசலில் நின்று சொன்னார்: "அடுத்த திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போறோம். இதுலதான்."

பாக்கியமேரி வண்டியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அவ்ளோ தூரம் இதுலயா? பஸ்ஸுலயே போலாங்களே."

"பஸ்ஸுல கும்பல்ல நசுங்கிட்டுப் போவணும். இதுன்னா நெனச்ச எடத்துல நிக்கலாம், நெனச்சப்ப கெளம்பலாம். நாம ரெண்டு பேரு மட்டும்."

கடைசியாகச் சொன்ன வார்த்தைக்குத்தான் அவள் சரி என்றாள்.

அதற்குப் பிறகு சவுரியப்பனுக்கு வேறு நினைப்பு இல்லாமல் போயிற்று. மாலையில் கடையைச் சாத்தியதும் வண்டியின் முன்னால் குந்திவிடுவார். இரண்டு டயரையும் மாற்றினார். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிப் பூட்டினார். கிளட்ச் கேபிள் வழியில் அறுந்தால் என்ன செய்வது? புதுக் கேபிள் ஒன்றைப் பழையதன் கூடவே ஓட்டி டேப் சுற்றி வைத்தார். அறுந்தால் முனையை மாட்டினால் போதும். கடையில் வாங்கிய இக்னிஷன் காயிலை நம்பாமல் தம் கையாலேயே இன்னொன்று சுற்றி வைத்துக்கொண்டார். ட்யூப், காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், பிளக், பல்பு, செயின் கண்ணி, ஆயில் டப்பா, பெட்ரோல் கேன். ஏதாவது ஒன்று கெட்டுப்போவதை மனதில் கற்பனை செய்வார். அதற்கு மாற்று கிடைக்கும்வரை தூங்கமாட்டார்.

பக்கத்து நிலத்துக்காரரான மாது என்கிறவர் சாயங்காலம் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார். "ஏம்ப்பா சவுரி, நீ கோயிலுக்குப் போறியா, எல்லையில சண்டைக்குப் போறியா? பீரங்கி ஒண்ணுதான் கொறையுது."

"வழியில நின்னுட்டா நீயா வந்து தள்ளுவ?"

"நான் எதுக்குத் தள்ளறன்? ஒங்க மாதாவக் கூப்புடு."

சாமான்கள் சேரச் சேர அவற்றை வைக்க இடம் இல்லை. பெரிய இரும்புப் பெட்டி ஒன்று செய்துவிடுவது என்று முடிவாயிற்று. அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கு வெல்டிங் செய்கிற தீர்த்தகிரியிடம் வண்டியைக் கொண்டுபோனார். வலப்பக்கத்தில் சைலன்சர் இருந்தது. அந்தச் சூட்டின் மேல் பெட்டி வைக்க முடியாது. இடப்பக்கம் காலியாக இருந்தது. அங்கே பின்சக்கரத்தை ஒட்டி வளைத்துக் கட்டிய கம்பித் தடுப்பும், அதன் அடியில் நீளமான மிதிகட்டை ஒன்றும் மட்டும்தான் இருந்தன.

"இந்தக் கம்பி?" என்றார் தீர்த்தகிரி.

"பழைய ஆளு போட்டது. எடஞ்சல். அறுத்துடு."

"பெட்டிய நட்டுல மாட்டட்டுங்களா, வெல்டே வெச்சுடட்டுங்களா?"

"வெல்டு வெய்யி. மேடு பள்ளத்துல ஆடக்கூடாது."

தீப்பொறி பறக்க வேலை நடந்தது. பெட்டி சீட்டு உயரத்துக்கு வந்து, ஒரு முழத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஆட்டிப் பார்த்தார், வண்டி ஆடியதே தவிர பெட்டி ஆடவில்லை. பெருமையோடு வீட்டுக்கு ஓட்டி வந்தார். பாக்கியமேரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"எல்லாம் முடிஞ்சுதுங்களா?"

"ஹாரன் மாத்தணும். வேறொண்ணும் இல்ல."

இன்னும் சற்று நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஊர் மாதா கோயிலின் பங்கு மக்கள் சேர்ந்து வேளாங்கண்ணிக்குத் தனி பஸ் பிடித்தார்கள். பெயர் எழுத வந்த தெரசா, "ஒரு சீட்டு இருக்குது பாக்கியம், வந்துடேன்" என்று கேட்டபோது, "வேணாங்க்கா, எங்க வூட்டுக்காரரு வண்டியில கூட்டிட்டுப் போறாரு" என்று சொல்லி அனுப்பினாள். அந்தப் பஸ் முந்தின நாளே கிளம்பிப் போய்விட்டது.

புறப்படும் நாள் காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வண்டியை மந்திரிக்கக் கோயில் வாசலுக்கு வந்தார். பூசைக்கு வந்தவர்களும், மாதுவைப் போல வேடிக்கை பார்க்க வந்தவர்களுமாக ஒரு கூட்டம் நின்றது. சவுரியப்பன் ஒவ்வொரு சாமானையும் சாமியாருக்குக் காட்டினார். கேபிளுக்கு மேல் கேபிள் ஓடுவதைக் காட்டினார். பெட்டியைத் திறந்து மூடினார். சாமியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "ஏறிக்கம்மா பாக்கியமேரி, ஒக்காந்ததும் மந்திரிச்சு வுடறன்" என்றார்.

புதுச்சேலை கட்டி, கையில் துணிப்பையோடு நின்ற பாக்கியமேரி வண்டியின் இடப்பக்கம் வந்தாள். கட்டிய சேலையோடு ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்காருகிற பெண்கள் எல்லாரும் வருகிற பக்கம் அது. அங்கே வந்து நின்றாள். கால் தொங்க வேண்டிய இடம் முழுவதும் பெட்டி இருந்தது.

அந்தக் கணத்தில்தான் சவுரியப்பன் பார்த்தார். அறுத்து எறிந்த கம்பி எதற்கு இருந்தது என்பதும், அந்த மிதிகட்டை யாருடைய காலுக்கு என்பதும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பட்டாளத்துக்காரர் தம் மனைவிக்காகக் கட்டியது அது.

"ஏம்ப்பா சவுரி," மாதுதான் முதலில் வாய் திறந்தார், "அந்தம்மா எங்க ஒக்காரும்?"

"அந்தப் பக்கமா ஒக்காரட்டுமே" என்றது ஒரு குரல்.

"சைலன்சரு காலை வேக வெச்சுடும்."

"அப்ப பொட்டி மேல ஏத்தி வெய்ங்க. தேரு மாதிரி போவட்டும்."

கூட்டம் சிரித்தது. ஆண்பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சாமியார் முன்னால் சொல்லியிருக்கமாட்டார்கள். சவுரியப்பனின் காது கொதித்தது. வெல்டை அறுக்கத் தீர்த்தகிரியிடம்தான் போகவேண்டும். அதைச் சொல்லியிருந்தாலே போதும், கொஞ்சம் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். அவர் சொன்னது வேறு.

"அவளுக்கு இடுப்பு வலிங்க சாமி. அவ்ளோ தூரம் வண்டியில தாங்காது. பஸ்ஸுல ஏத்தி வுட்டுட்டு நான் பின்னாலயே போறன்."

சாமியார் அவளைப் பார்த்தார். "அப்பிடியாம்மா?"

"ஆமாங்க சாமி" என்றாள் பாக்கியமேரி. கொஞ்சம் பொறுத்து, "நேத்து ராத்திரியிலருந்துங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்த 'நேத்து ராத்திரி' சவுரியப்பன் யோசிக்காதது. வலி முன்பே இருந்திருந்தால் பங்குப் பஸ்ஸில் சீட்டு வேண்டாம் என்று ஏன் சொன்னாள் என்று யாராவது கேட்டிருப்பார்கள். அவருடைய பொய்யில் இருந்த ஓட்டையை அவள் அடைத்துக்கொடுத்தாள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். அது பெட்டியின் மேல் விழுந்து வழிந்தது.

சிரிப்பவர்கள் முன்னால் வருகிற வெட்கம் முகத்தோடு போய்விடும். அடுத்த வாரம் இன்னொருவன் அகப்பட்டதும் ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கப் போய்விடும். நம்மைக் காப்பாற்றியவர் முன்னால் வருகிற வெட்கத்துக்கு அப்படி ஒரு விடுதலை இல்லை.

அவள் டவுன் பஸ்ஸில் தர்மபுரிக்குப் போனாள். அவர் முன்னால் போய் பஸ் நிலையத்தில் காத்திருந்தார். வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சேலம் பஸ் கிளம்பக் கொஞ்சம் நேரம் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. கீழே நின்று சோடா வாங்கி நீட்டினார். அவள் பாதி குடித்துவிட்டுக் கொடுத்தாள்.

"எனக்குத் தோணவே இல்ல புள்ள."

"தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"பொட்டி வெச்சு ஓட்டிட்டு வந்தீங்களே, அன்னைக்கே பாத்தன்."

அவர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீங்களே பாப்பீங்கன்னு இருந்தன்." அவள் குரலில் கோபம் இல்லை. "தெனமும் அதுக்கு முன்னாடிதான ஒக்காந்திருந்தீங்க."

"பின்னாலயே வர்றன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிக்கு வந்தார். ஸ்டார்ட் செய்யக் காலைத் தூக்கினார். பெட்டி வைத்த பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அவள் வெளியே வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. வண்டியைப் பார்க்க வருகிறாள் என்று நினைத்திருந்தார். காலைக் கீழே வைத்தார்.

வண்டியைப் பக்கத்துச் சைக்கிள் ஸ்டேண்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "பொட்டியில சாமான் இருக்குதுங்களா? காணாப் போனா நான் ஜவாப்தாரி இல்ல" என்றார் ஸ்டேண்டுக்காரர். "போவட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடினார். நிலையத்துக்கு வெளியே திரும்பிக்கொண்டிருந்த சேலம் பஸ்ஸின் பின்படியில் தொற்றி ஏறினார்.

திருவிழாக் கூட்டம். முன்பக்கம் முழுக்கப் பெண்கள். நடுவில் மனிதத் தலைகளும் மூட்டைகளும். அவர் ஏறியதை அவள் பார்க்கவில்லை. கூப்பிட்டிருக்கலாம். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஊர் தாண்டியதும் அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்த்தாள். லாரிகள் வந்தன. ஒரு ஜீப் வந்தது. புல்லட் வரவில்லை. தொப்பூர்க் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து இறங்கத் தொடங்கியது. லாரி கவிழாத வாரம் இல்லாத இறக்கம் அது. பின்னால் பாதை மேலே வரைக்கும் தெரிந்தது. அவள் முக்கால் உடம்பையும் திருப்பிக்கொண்டு தேடினாள். பிறகு உள்ளே திரும்பி, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். உதடு அசைந்தது.

இங்கே உயிரோடு நிற்கிறவனுக்காக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். கூச்சப்பட்டுக்கொண்டு ஒளிந்து நின்று அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது சவுரியப்பனுக்கு உறைத்தது. கோயில் வாசலில் பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

"இந்தா புள்ள" என்று கூப்பிட்டார். இரைச்சலில் கேட்கவில்லை. "பாக்கியம்" என்றார், இன்னும் உரக்க. நாலு பேர் நடுவில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. "வண்டிக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆவல. ஸ்டேண்டுல நிக்குது."

"எதுக்கு?"

பஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்தது. தலைகளுக்கு மேலே கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது.

"அதுல நீ ஒக்கார எடம் வெக்கலையே."

யாரோ சிரித்தார்கள். அவள் பக்கத்திலிருந்த பெண்மணி, "நல்ல ஆம்பளதான் போ" என்றாள். பாக்கியமேரி சிரிக்கவில்லை. கூட்டத்தை நெம்பிக்கொண்டு வந்த கண்டக்டரிடம், "அந்தக் கடைசியில நிக்கறவரு எங்கூட வர்றவருங்க, அவருக்கும் டிக்கெட் குடுத்துடுங்க" என்றாள். பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் மன்னித்துவிட்டாளா என்று அந்தச் சொல்லை வைத்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சேலம் வரைக்கும் நின்றார்.