பாப்பா எழுந்துக்கிச்சு

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது அலுவலகம் சென்னையில் இருந்தது, நான் விருத்தாசலத்தில் இருந்தேன். பகலெல்லாம் வீட்டில் நானும் பாப்பாவும் மட்டும்தான். ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே லேப்டாப்பில் புரோகிராம் எழுதுவேன். மதியத்தில் ஜங்ஷனிலிருந்து ரயில் அறிவிப்பு மிதந்து வரும். தூளி போகிற போக்கில் எனக்கும் கண் சொக்கும். விழித்திருந்து எழுதியது எது, தூக்கத்தில் எழுதியது எது என்று எனக்கே தெரியாது.

அவள் சிணுங்கினால் எழுதியதை அப்படியே சேமித்துவிட்டு ஓடவேண்டும். புரோகிராமைச் சேமிக்க நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள் லேசில் விடாது. ஒவ்வொரு முறையும் என்ன மாற்றினாய் என்று ஒரு வரிக் குறிப்பு கேட்கும். எழுதாவிட்டால் சேமிக்காது. எழுதினால் அந்த நேரத்துப் பக்கத்தோடு குறிப்பும் அப்படியே தங்கிவிடும். பிள்ளை வீறிடும்போது அதற்கு வியாக்கியானமா எழுத முடியும்? கைக்கு வந்ததைத் தட்டிவிடுவேன். 'பாப்பா எழுந்துக்கிச்சு.' 'பால்.' 'மறுபடியும் எழுந்துக்கிச்சு.' பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற நினைப்புதான். திருத்தவே இல்லை.

நாலு மாதம் கழித்து வேலையை முடித்து அனுப்பினேன். டீம் லீடர் போனில் கூப்பிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

"இந்தக் குறிப்பையெல்லாம் கஸ்டமரும் படிப்பாங்கம்மா. எல்லாத்தையும் ஒண்ணா சேத்து ஒரே குறிப்பா போட்டுடுங்க. பழசு எதுவும் இருக்க வேணாம்."

மானம் போயிற்று. அழிப்பதற்கு முன் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு வரி. 'அம்மான்னு கூப்புடுச்சு.'

அவள் முதன்முதலாக என்னை அழைத்த நாள். எழுதியவள் நான்தான். ஆனால் எவ்வளவு யோசித்தும் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. அந்த நாலு மாதத்துத் தூக்கக்கலக்கம் அதையும் கொண்டுபோயிருந்தது. இந்த வரியும் போய்விட்டால் என்னிடம் வேறு எதுவும் இல்லை.

செராமிக் கம்பெனியிலிருந்து முழங்கையெல்லாம் வெள்ளைத் தூளோடு வந்த கணவரிடம் கேட்டேன்.

"பாப்பா மொதல்ல அம்மான்னு சொன்னது ஞாபகம் இருக்குதா?"

"நான் கம்பெனில இருந்தேனே. நீதான வூட்டுல இருந்த?"

இருந்தேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

லீடர் கேட்டபடி ஒரே குறிப்பாக்கி அனுப்பினேன். அதற்கு முன், பழையது அத்தனையையும் அப்படியே தனியாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு அந்த வரியோடு சேமித்திருந்த பக்கத்தைத் திறந்தேன். சேமித்த நேரம் மதியம் மூன்றேகால் மணி. கடைசி வரி பாதியில் நின்றிருந்தது. ஒரு அடைப்புக்குறியைத் திறந்திருக்கிறேன். மூடாமலே எழுந்து அவளிடம் ஓடியிருக்கிறேன்.