செவ்வந்தி இதழ் தூவிய பாதை

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் முன்பள்ளி ஆசிரியை. உலகப் பண்டிகைகள் பற்றிய பாடத்தில் ஒருநாள் மெக்சிகோவைப் பற்றிச் சொன்னேன். வருடத்தில் ஒருநாள் அங்கே இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். வழி தெரிவதற்காகப் பாதையில் செவ்வந்தி இதழ்களைத் தூவுவார்களாம். ஐந்து வயது தர்ஷினியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் இரண்டு மாதங்களுக்கு முன்தான் மண்சரிவில் இறந்திருந்தார். அதை நான் அப்போது நினைக்கவே இல்லை.

அன்று மாலை அவளுடைய அப்பா தூறலில் ஓடி வந்தார்.

"டீச்சர், புள்ள இங்க இருக்கா? மத்தியானத்திலருந்து காணோம்."

குடியிருந்த லயத்து வீட்டுவரிசை மண்ணில் புதைந்த பிறகு அவர்கள் கோயில் மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். அங்கே ஓடினோம். வாசலில் ஒரு செவ்வந்தி இதழ் கிடந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. சாமி மாலையிலிருந்து பிய்த்தவை. இதழ்கள் புதைந்துபோன லயத்தை நோக்கிப் போயின. மண் இன்னும் இறங்குகிறது என்று கயிறு கட்டித் தடுத்திருந்த இடம் அது.

கயிற்றுக்கு அப்பால், சேற்றுமேட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். அப்பா பாய்ந்து தூக்கியதும் திமிறினாள்.

"கொஞ்சம் இருங்கப்பா. நாம மண்டபத்துக்கு மாறுனது அம்மாவுக்குத் தெரியாதுல்ல."

அவர் என்னைப் பார்த்தார். "யாரு டீச்சர் இதச் சொல்லிக்குடுத்தது?"

"நான்தான்."

அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இதழ்களை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தார். நானும் அப்படியே நடந்தேன்.

அடுத்த வருடமும் அந்தப் பாடம் வரும். என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.