ஏழு மணித் தேத்தண்ணீர்

காலைத் தேத்தண்ணீரை எங்கள் வீட்டில் யாரும் சாப்பாடாகக் கணக்கெடுப்பதில்லை. இரண்டு விசுக்கோத்தைத் தோய்த்துத் தின்றாலும் அது தேத்தண்ணீர்தான். அந்த நினைப்பு என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

அக்கா தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குத் தந்து இரண்டு வருடமாகியிருந்தது. அதை என் உடம்பு தள்ளிவிடாமலிருக்க நான் எடுக்கும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. என் ஈரலில் நெடுங்காலமாகக் குடியிருந்த ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு அது கொண்டாட்டம். அதை அடக்கி வைக்கத் தினமும் ஒரு குளிசை. ஆனாலும் ஒவ்வொரு இரத்தப் பரிசோதனையிலும் வைரஸ் கொஞ்சம் மிச்சமிருந்தது. குளிசையை மாற்றலாம், ஆனால் மாற்று மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடும் என்றார் டொக்டர். எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா தந்ததை நானே கெடுப்பதா?

கிளினிக்கில் இருந்த தாதி லேசில் விடவில்லை.

“வெறுவயித்திலைதானே போடுறியள்?”

“ஓம் மிஸ். காலமை தேத்தண்ணி குடிச்ச உடனை.”

“வெறுந்தேத்தண்ணியோ?”

“இல்லை, பால்தேத்தண்ணி. ரெண்டு விசுக்கோத்து.”

தாதி தலையில் கைவைத்தார். “உது சாப்பாடில்லாமல் வேறென்ன? வயித்திலை சாப்பாடிருந்தால் மருந்து உடம்பிலை சரியாச் சேராது. விடியவே வெறுவயித்திலை போடுங்கோ. குளிசை போட்டு ரெண்டு மணித்தியாலத்துக்குத் தண்ணியைத் தவிர ஒண்டும் வாயிலை வைக்கக்கூடாது!”

அன்றிலிருந்து ஐந்து மணிக்குக் குளிசை, ஏழு மணிக்குத் தேத்தண்ணீர். இடைப்பட்ட நேரம் முழுக்க வீட்டாரின் மேல் எரிந்து விழுந்தேன். பக்கத்து வளவில் இருக்கும் அக்கா, “நீ குடிக்கேக்கை நானும் குடிக்கிறன்” என்று தன் தேத்தண்ணீரையும் ஏழு மணிக்குத் தள்ளிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. இரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை! குளிசையை மாற்றத் தேவையில்லை! சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸால் இறங்கியதும் சந்தைச் சனத்துக்குள் நின்றே போனில் கத்தினேன். கத்தரிக்காய் விற்றவர் தராசைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

“அக்கா, ஒண்டும் தெரியேல்லையாம்! இனி நீங்கள் விடியவே தேத்தண்ணி குடியுங்கோ!”

“குளிசையை நிப்பாட்டச் சொன்னவையோ?”

“இல்லை. அது சீவியத்துக்கும் போடவேணுமாம்.”

அக்கா சிரித்தார். “பிறகென்ன? என்ரை கிட்னி ஒண்டு ஏழு மணிமட்டும் காத்திருக்க, மற்றது முந்திக் குடிக்கிறதோ?”