பட்டுப் பிரிவில் நாதஸ்வரம்

துணிக்கடைகளில் ஓயாமல் ஒலிக்கும் இசையை யாரும் கேட்பதற்காக வைப்பதில்லை. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எதைத் தொட வேண்டும் என்பதை நம் சார்பில் அதுவே முடிவு செய்துவிடுகிறது. இதைப் பின்னாளில் பல கடைகளில் கண்டிருக்கிறேன். முதன்முதலில் கண்டது, அத்தையின் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கக் காஞ்சிபுரம் போன அன்று. அப்போது எனக்கு ஒன்பது வயது.

எங்கள் ஊர் காவாந்தண்டலத்திலிருந்து பஸ்ஸில் போனோம். அத்தை என் அப்பாவின் தங்கை. முந்தைய வருஷம் அவளுக்கு நிச்சயமான ஒரு கல்யாணம், புடவை எடுத்த பிறகு நின்றுபோயிற்று. அந்தப் பையனின் மனம் வேறிடத்தில் இருந்தது. அத்தை மீது ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் இப்போது அமைந்திருக்கும் தென்னேரி மாப்பிள்ளை வீட்டாரிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் தீர்மானித்திருந்தார்கள். ஓட்டைவாய் என்று பெயர் வாங்கியிருந்தவள் நான். "நீ வாயத் தொறந்தா இதுவும் நின்னுபூடும்," என்று தலை பின்னும்போதே அம்மா சொல்லிவைத்தாள். வழி நெடுகிலும் பற்களைக் கடித்துக்கொண்டே போனேன்.

கடையின் கீழ்த்தளத்தில் வேகமான சினிமாப் பாட்டுகள் ஓடின. ஜனங்களும் அதே வேகத்தில் துணிகளைப் புரட்டி, எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். தென்னேரியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் மாமா அங்கேயே வேட்டி பார்க்க நின்றுவிட்டார். மாடியில் பட்டுப் பிரிவு. அங்கே மேலிருந்த ஸ்பீக்கர்களில் நாதஸ்வரமும் தவிலும். படியேறி முடித்ததும் எல்லோருடைய நடையும் தானாக நிதானப்பட்டது. சந்தையில் ஒரு கத்திரிக்காயை நான்கு முறை திருப்பிப் பார்க்கும் அம்மா, கல்யாண வீட்டுக்கு வந்தவளைப் போல முந்தானையைச் சரிசெய்துகொண்டு, காட்டிய புடவைகளையெல்லாம் "நல்லாக்கீது" என்றாள்.

கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தருவது. நாங்கள் கூட இருக்கலாம், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் அமர்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அத்தை, அத்தையை ஒட்டி நான். அம்மாவும் அப்பாவும் எங்களுக்குப் பின்னால். அரை மணி நேரம் கழித்து, மயில் கழுத்து நிறத்தில் ஒன்றை அவர் அத்தையின் தோளில் போட்டுப் பார்த்தார்.

"இதக் கட்டிக்கினு நின்னா மேடைக்கு லைட்டே வேணாங்கா," என்றார் விற்பனையாளர்.

"லைட்டுக்காரனுக்கு ஏற்கெனவே சொல்லியாச்சே நைனா," என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. நின்றுபோன கல்யாணத்துக்கு எடுத்ததும் மயில் கழுத்துதான். அது எனக்கும் தெரியும். நான் பற்களை இன்னும் அழுத்திக் கடித்தேன். தவில் உச்சத்தில் இருந்தது. அம்மா அப்பாவின் காதருகே சாய்ந்து ரகசியமாகத்தான் பேசத் தொடங்கினாள். ஆனால் அந்தத் தவிலைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்று, தன்னையறியாமல் குரலை உயர்த்திவிட்டாள்.

"இன்னாங்க, இந்தக் கலரு வேணாம்னு சொல்லுங்க."

அந்தக் கணத்தில் மின்சாரம் போயிற்று. தவில் அடங்கியது. அம்மாவின் குரல் அடங்கவில்லை.

"போன தபா இதே கலர எடுத்துதான அவ கல்யாணம் நின்னுபோச்சி."

சன்னலே இல்லாத அந்த மாடியின் இருட்டில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. பிறகு மின்விசிறிகள் சுற்றி ஓயும் சத்தம் மட்டும். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உள்ளே பதிந்தது. சொன்னது நானேதானோ என்ற பயத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் வந்தன, நாதஸ்வரம் முதலிலிருந்து தொடங்கியது. மாப்பிள்ளையின் அம்மா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மயில் கழுத்துப் புடவையை அத்தையின் தோளிலிருந்து எடுத்துத் தாமே மடித்து ஓரமாகத் தள்ளினார்.

"இத உள்ள வெச்சிடு நைனா. அரக்குல காட்டு. அப்படியே அந்த மேளத்தக் கொஞ்சம் சத்தமா வெக்கச் சொல்லு. ஒண்ணும் காதுல வுழல."

"இதுக்கு மேல வெச்சா ரோட்ல போறவங்க அட்சதை போட்ருவாங்கக்கா."

"போட்டா நல்லதுதான?"

சத்தம் கூடியது. அந்தச் சத்தத்தினிடையே அவர் அத்தையின் தலையைத் தம் பக்கம் இழுத்து, காதில் ஏதோ சொன்னார். அத்தை தலையை ஆட்டினாள். அவள் கண்கள் நிறைந்ததைப் பார்த்ததும் எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்தேன். ஆனால் அரக்குப் புடவை ஒன்றுக்குப் பில் போட்டுப் பொட்டலமும் கட்டப்பட்டது. எல்லோரும் காபி குடித்தோம். பஸ் நிலையத்தில் அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுத் தென்னேரி பஸ்ஸில் ஏறினார்.

திரும்பும் வழியில் அம்மாவிடம் கேட்டேன்: "அவங்களுக்குக் காது கேக்காதாம்மா?"

அம்மா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆமாம்," என்றாள் பிறகு.

எனக்கு உயிர் வந்தது. காது மந்தமான மாமியார் வாய்த்ததால் அத்தை தப்பித்தாள் என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். அதன்பின் தென்னேரிக்குப் போகும்போதெல்லாம் அவரிடம் உரக்கவே பேசினேன். பல வருஷம் அப்படித்தான் பேசினேன். தமக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.